ஹைபிரிட் கார்: புதிய ஆற்றலா, புதிய சிக்கனமா?

'ஹைபிரிட்' என்னும் சொல் நம் வேளாண் மக்களுக்குப் புதியதன்று. 1960-களில் சோளத்திலும் கம்பிலும் வீரிய ஒட்டு விதைகள் வந்தபோதே அச்சொல் சிற்றூர்கள் வரை சென்று சேர்ந்துவிட்டது. இரு வேறு பெற்றோரின் நற்பண்புகளை ஒரே பயிரில் இணைப்பது என்பது அதன் பொருள். இன்று அதே சொல் மோட்டார் வாகனத் துறையிலும் வழங்கி வருகிறது. பெட்ரோல் எஞ்சினையும் மின்மோட்டாரையும் ஒரே வண்டியில் இணைத்து, தேவைக்கேற்ப ஒன்றையோ இரண்டையுமோ இயங்கச் செய்வதே ஹைபிரிட் கார் ஆகும்.

இக்காரைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக உள்ளது. பாதி ஆற்றலைப் பெட்ரோலும் மீதியை மின்சாரமும் தருவதால்தான் பெட்ரோல் மிச்சமாகிறது என்று பலர் கருதுகின்றனர். உண்மை அதுவன்று. வழக்கமான ஹைபிரிட் காரை எந்த மின் இணைப்பிலும் செருகி மின்னேற்றம் செய்வதில்லை. அதன் பாட்டரியில் சேரும் மின்சாரம் முழுவதும், சுற்றி வளைத்துப் பார்த்தால், அதே காரின் பெட்ரோல் தொட்டியிலிருந்து வந்ததே. அவ்வாறாயின், அதே பெட்ரோலைக் கொண்டு அது எப்படிக் கூடுதல் தொலைவு ஓடுகிறது? இச்சிக்கனம் யாருக்கு, எந்த அளவுக்குப் பயன் தரும்? அதற்கு அரசு எத்தகைய ஆதரவு தருவது பொருந்தும்? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாராய்ச்சி தேவையானதா என்ற ஐயத்திற்கு இடமில்லை. நம் நாடு தனக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 சதவீதத்திற்கும் மேல் இறக்குமதி செய்கிறது. எண்ணெய் விலை உலகச் சந்தையில் ஏறும்போதெல்லாம் நமது அந்நியச் செலாவணிக் கையிருப்பும், அரசின் வரவு செலவும், சாதாரணக் குடும்பத்தின் மாதச் செலவும் ஒருங்கே பாதிக்கப்படுகின்றன. ஆகவே ஒவ்வொரு லிட்டர் சேமிப்பும் தனிமனிதரின் சேமிப்பாக மட்டும் நின்றுவிடாமல் நாட்டின் சேமிப்பாகவும் அமைகிறது.

பழைய எண்ணம், புதிய கருவி

இரண்டு விசைகளை இணைக்கும் எண்ணம் நூறாண்டுக்கும் மேல் பழமையானது. 1900-ஆம் ஆண்டிலேயே வியன்னா நகரில் லோனர் நிறுவனத்தில் பணியாற்றிய பெர்டினாண்ட் போர்ஷே, பெட்ரோல் எஞ்சின் மின்சாரம் உண்டாக்க, சக்கரங்களிலேயே பொருத்தப்பட்ட மோட்டார்கள் வண்டியை ஓட்டும் வகையில் ஒரு காரை உருவாக்கினார். ஆனால் மலிவான பெட்ரோலும் எளிய எஞ்சினும் கிடைத்த காலத்தில் இம்முயற்சி வேரூன்றவில்லை. 1973-ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகே உலகின் கவனம் மீண்டும் இதன்பால் திரும்பிற்று. 1976-இல் அமெரிக்க நாடாளுமன்றம் மின்சார, ஹைபிரிட் ஊர்திகளின் ஆராய்ச்சிக்கென ஒரு தனிச் சட்டத்தையே இயற்றியது. எனினும் எஞ்சினையும் மோட்டாரையும் நொடிக்கு நொடி ஒத்திசைக்க வல்ல மின்னணுக் கட்டுப்பாடும் நம்பகமான பாட்டரியும் கைகூடிய பின்னரே வணிக வெற்றி கிட்டியது. 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ் பெருமளவில் உற்பத்தி செய்யப்பட்ட முதல் ஹைபிரிட் கார் ஆகும். நம் நாட்டில் 2013-இல் கர்நாடக மாநிலம் பிடதியில் கேம்ரி ஹைபிரிட் காரின் உற்பத்தி தொடங்கியது. 2022-க்குப் பின் நடுத்தர விலைப் பிரிவிலும் இவ்வகைக் கார்கள் கிடைக்கின்றன.

ஆற்றல் எங்கே போகிறது?

ஹைபிரிட் காரின் சிக்கனத்தை அறிய வேண்டுமாயின், சாதாரணக் காரின் வீண்செலவை முதலில் அறிதல் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் ஆற்றல் அடங்கியுள்ளது. இதில் பெரும்பகுதி புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெப்பமாக வெளியேறிவிடுகிறது. நெரிசல் மிகுந்த நகரச் சாலையில் சக்கரங்களைச் சென்றடைவது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். அந்த ஐந்தில் ஒரு பங்கும் நிலைப்பதில்லை. ஓடும் வண்டியை நிறுத்தப் பிரேக்கை மிதிக்கும் ஒவ்வொரு முறையும், வண்டி பெற்ற வேகம் முழுவதும் பிரேக் கட்டைகளில் சூடாகிக் காற்றில் கலக்கிறது.

எடுத்துக்காட்டாக, 1,200 கிலோ எடையுள்ள ஒரு கார் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது எனக் கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 74 கிலோஜூல். பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கே சக்கரத்திற்குக் கிடைக்கும் நிலையில், இந்த வேகத்தை எட்ட 11 அல்லது 12 மில்லிலிட்டர் பெட்ரோல் செலவாகிறது. தேநீர்க் கரண்டிக் கணக்கில் இரண்டு கரண்டிகளைச் சற்றே தாண்டும் இந்த அளவு அற்பமாகத் தோன்றலாம். ஆனால் 10 கிலோமீட்டர் பயணத்தில் 20 முறை நின்று புறப்பட நேர்ந்தால் ஏறத்தாழ 230 மில்லிலிட்டர் இவ்வாறு பிரேக்கில் அழிகிறது. இதனுடன், சிக்னல்களில் மொத்தம் 10 நிமிடம் எஞ்சினை அணைக்காமல் நின்றால், மணிக்கு 0.6 லிட்டர் என்ற கணக்கில் மேலும் 100 மில்லிலிட்டர் செலவாகும். இப்பயணத்தின் மொத்தச் செலவே ஏறத்தாழ 830 மில்லிலிட்டர் என்று கொண்டால், ஐந்தில் இரண்டு பங்கு நிற்பதற்கும் நிறுத்துவதற்குமே போய்விடுகிறது.

நான்கு வழிச் சிக்கனம்

இந்த வீண்செலவை ஹைபிரிட் கார் நான்கு வழிகளில் குறைக்கிறது.

முதலாவது, நிற்கும்போது எஞ்சின் தானாகவே அணைந்துவிடுகிறது. விளக்குகளும் குளிர்சாதனமும் பாட்டரியின் துணையால் இயங்குகின்றன. பச்சை விளக்கு எரிந்ததும் மின்மோட்டாரே ஓசையின்றி வண்டியை நகர்த்துகிறது.

இரண்டாவது, பிரேக்கில் அழியும் ஆற்றலில் ஒரு பகுதி மீட்கப்படுகிறது. மின்சாரம் செலுத்தினால் சுழலும் மோட்டார், பிறிதொரு விசையால் சுழற்றப்பட்டால் மின்சாரம் தரும் என்பது பள்ளி மாணவரும் அறிந்த உண்மை. ஓட்டுநர் பிரேக்கை மிதித்ததும், சக்கரங்கள் மோட்டாரைச் சுழற்றுகின்றன. மோட்டார் மின்னாக்கியாக மாறிப் பாட்டரிக்கு மின்னேற்றம் செய்கிறது. அதற்காகச் செலவாகும் விசையே வண்டியின் வேகத்தைக் குறைக்கிறது. திடீரென அழுத்தி நிறுத்தும்போது மட்டும் வழக்கமான பிரேக் துணைக்கு வருகிறது. இதே முறை மெட்ரோ ரயில்களிலும் கையாளப்படுகிறது. இவ்வாறு மின்சாரத்தை மீட்டுச் சேமித்ததற்காக டெல்லி மெட்ரோவின் திட்டம் 2007-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் தூய்மை வளர்ச்சித் திட்டத்தில் பதிவு பெற்றது என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது. மேற்சொன்ன எடுத்துக்காட்டில் பிரேக்கில் அழிந்த ஆற்றலில் பாதி மீண்டு வந்தாலும் 115 மில்லிலிட்டர் பெட்ரோல் மிச்சமாகும்.

மூன்றாவது, எஞ்சின் தனக்கு உகந்த நிலையில் மட்டும் இயக்கப்படுகிறது. மிகக் குறைந்த சுமையில் இயங்கும் எஞ்சின், செய்த வேலைக்குக் கூடுதலாகப் பெட்ரோலைக் குடிக்கும். எனவே ஊர்ந்து செல்லும் வேளையில் மோட்டார் பொறுப்பேற்கிறது. எஞ்சின் இயங்க நேரும்போது அது திறம்படப் பணிசெய்யும் சுமையில் வைக்கப்பட்டு, மிகுதியாகும் ஆற்றல் பாட்டரியில் சேமிக்கப்படுகிறது.

நான்காவது, எஞ்சினின் அமைப்பே மாற்றப்படுகிறது. 1882-இல் பிரிட்டிஷ் பொறியாளர் ஜேம்ஸ் அட்கின்சன் வகுத்த முறையைத் தழுவி, எரிந்த வாயு கூடுதலாக விரிந்து வேலை செய்யுமாறு இவ்வெஞ்சின்கள் அமைக்கப்படுகின்றன. இதனால் பெட்ரோல் ஆற்றலில் 40 சதவீதம் வரை வேலையாக மாற்றத்தக்க எஞ்சின்கள் உருவாகியுள்ளன. இம்முறையில் எஞ்சினின் இழுவிசை குறையும் என்பது ஒரு குறை. விரைந்து புறப்படவும் முந்திச் செல்லவும் தேவையான கூடுதல் விசையை மோட்டார் தந்துவிடுவதால், அக்குறை ஓட்டுபவருக்குப் புலப்படுவதில்லை.

இவ்விரு விசைகளையும் இணைக்கப் பிரியஸ் காரில் கையாளப்பட்ட அமைப்பு எளிமையும் நுட்பமும் கொண்டது. சூரியனைக் கோள்கள் சுற்றுவதுபோல், நடுப்பல்சக்கரம் ஒன்றைச் சிறு பல்சக்கரங்கள் சுற்றிவர, அவற்றை வெளிவளையம் ஒன்று சூழ்ந்திருக்கும். நடுச்சக்கரம் மின்னாக்கியுடனும், சிறுசக்கரங்களைத் தாங்கும் சட்டம் எஞ்சினுடனும், வெளிவளையம் மோட்டாருடனும் வண்டிச் சக்கரங்களுடனும் பிணைக்கப்பட்டுள்ளன. எஞ்சினின் விசை எந்நேரமும் இரு கூறாகப் பிரிந்து, ஒன்று நேரே சக்கரத்திற்கும் மற்றொன்று மின்சாரமாகவும் செல்கிறது. கியர் மாற்றும் வேலையும் கிளட்சும் இதில் இல்லை.

பாட்டரியின் பங்கு

ஹைபிரிட் காரின் பாட்டரி மிகச் சிறியது. 2022-இல் நம் நாட்டில் அறிமுகமான கிராண்ட் விட்டாரா ஹைபிரிட் காரின் பாட்டரி 0.76 கிலோவாட் மணி கொள்ளளவு உடையது. அது முழுவதும் நிரம்பினாலும் அதில் அடங்கும் ஆற்றல் 85 மில்லிலிட்டர் பெட்ரோலுக்கு நிகர். ஒரு தேநீர்க் குவளைக்குள் அடங்கிவிடும் அளவு. இப்பாட்டரியைக் கருவூலம் என்று கருதுவதைவிட, அன்றாடச் சில்லறை புழங்கும் கல்லாப்பெட்டி எனக் கருதுவதே பொருந்தும். வருவதும் போவதுமாக நாள்தோறும் பலமுறை அது நிறைந்து குறைகிறது.

இச்சிறுமையில் ஒரு பொருளாதாரப் பயனும் உண்டு. 40 கிலோவாட் மணி பாட்டரி கொண்ட ஒரு மின்சாரக் காருக்குத் தேவைப்படும் பாட்டரித் திறனைக் கொண்டு ஐம்பது ஹைபிரிட் கார்களை அமைத்துவிடலாம். லித்தியம் போன்ற கனிமங்களுக்கு நாம் வெளிநாடுகளைச் சார்ந்திருக்கும் நிலையில் இது கருதத்தக்கது. எனினும் மின்சாரக் கார் பெட்ரோலை முற்றிலும் தவிர்க்கிறது. ஹைபிரிட் கார் குறைக்க மட்டுமே செய்கிறது என்பதையும் மறத்தல் கூடாது.

பெயரில் ஒன்று, தரத்தில் பல

ஹைபிரிட் என்ற பெயரில் விற்கப்படும் எல்லாக் கார்களும் ஒரே தரத்தன அல்ல. 'மைல்ட் ஹைபிரிட்' என்னும் மென்வகையில், சிறு மோட்டார் ஒன்று எஞ்சினை மீண்டும் இயக்கவும் சற்றே கைகொடுக்கவும் மட்டும் பயன்படும். மோட்டார் மட்டும் தனித்து வண்டியை ஓட்டாது. சேமிப்பும் அதற்கேற்பக் குறைவே. மேலே விளக்கிய நான்கு வழிகளும் முழுமையாக அமைவது 'ஸ்ட்ராங் ஹைபிரிட்' என்னும் முழுவகையில்தான். மின் இணைப்பிலும் மின்னேற்றம் செய்யத்தக்க, பெரிய பாட்டரி கொண்ட மூன்றாம் வகையும் உண்டு. அது நம் நாட்டில் இன்னும் பரவவில்லை.

இவ்வேறுபாட்டின் முக்கியத்துவத்தை நம் அனுபவமே உணர்த்தியுள்ளது. மின்சார, ஹைபிரிட் ஊர்திகளை ஊக்குவிக்க 2015 ஏப்ரலில் தொடங்கிய 'ஃபேம்' திட்டத்தின்கீழ் மென்வகைக் கார்களுக்கும் ஊக்கத்தொகை வழங்கப்பட்டது. 2017 ஏப்ரல் முதல் மென்வகை அத்திட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. பெயரை அளவுகோலாகக் கொள்வதைவிடச் சேமிக்கும் அளவையே அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்பது இதிலிருந்து பெறத்தக்க பாடமாகும்.

கணக்கு என்ன கூறுகிறது?

முன்னர்க் குறிப்பிட்ட காரையே எடுத்துக்கொள்வோம். அறிமுகமானபோது அதன் தானியங்கி கியர் கொண்ட சாதாரண வகைக்குச் சோதனைச் சான்றின்படி லிட்டருக்கு 20.58 கிலோமீட்டர், முழு ஹைபிரிட் வகைக்கு 27.97 கிலோமீட்டர். சாலையில் இரண்டுமே இதைவிடக் குறைவாகவே தரும். எனினும் ஒப்பிடுவதற்கு இவ்வெண்கள் போதும். 100 கிலோமீட்டருக்கு முன்னது ஏறத்தாழ 4.86 லிட்டரும் பின்னது 3.58 லிட்டரும் செலவிடுகின்றன. சேமிப்பு 1.28 லிட்டர்; அதாவது நான்கில் ஒரு பங்கிற்குச் சற்று மேல்.

ஹைபிரிட் வகையின் கூடுதல் விலை 2 லட்சம் ரூபாய் என்றும் பெட்ரோல் விலை லிட்டருக்கு 100 ரூபாய் என்றும் கணக்கின் வசதிக்காக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டும் ஒரு குடும்பம் 128 லிட்டர், அதாவது 12,800 ரூபாய் சேமிக்கும். வட்டியைக் கணக்கில் கொள்ளாமலே கூடுதல் முதலீடு திரும்பிவர 15 ஆண்டுகளுக்கு மேலாகும். ஆண்டுக்கு 50,000 கிலோமீட்டர் ஓடும் வாடகைக் காருக்கோ சேமிப்பு 640 லிட்டர், அதாவது 64,000 ரூபாய். மூன்றே ஆண்டுகளில் முதலீடு திரும்பிவிடும். நாட்டின் நோக்கில் பார்த்தாலும், இரண்டாவது கார் ஐந்து மடங்கு இறக்குமதியைத் தவிர்க்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு வெளியாகும் என்பதால், ஆண்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை டன் வாயுவும் குறைகிறது.

ஓடும் தொலைவைப் போலவே ஓடும் இடமும் முக்கியம். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் செல்லும் காரில் பிரேக் ஆற்றலும் இல்லை. சிக்னல் காத்திருப்பும் இல்லை. அங்கே சேமிப்பு சுருங்கிவிடுகிறது. பெங்களூரின் நெரிசலில் நாள் முழுவதும் ஓடும் வாடகைக் காரும், வாரம் ஒருமுறை புறவழிச்சாலையில் செல்லும் சொந்தக் காரும் ஒரே மாதிரியானவையாக இருப்பினும், அவற்றால் நாட்டுக்குக் கிடைக்கும் பயன் ஒன்றன்று.

அரசின் கொள்கையும் வரியும்

2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த ஜி.எஸ்.டி. மாற்றத்தின்படி, 4 மீட்டருக்கு மேற்படாத நீளமும் 1,200 கன சென்டிமீட்டருக்கு மேற்படாத எஞ்சினும் கொண்ட பெட்ரோல் ஹைபிரிட் கார்களுக்கு 18 சதவீதமும், ஏனையவற்றுக்கு 40 சதவீதமும் வரி விதிக்கப்படுகிறது. மின்சாரக் கார்களுக்கு 5 சதவீதமே. நம் சந்தையிலுள்ள முழு ஹைபிரிட் கார்கள் பெரும்பாலும் 40 சதவீதப் பிரிவிலேயே அடங்குகின்றன. முன்னர்ப் பெரிய ஹைபிரிட் கார்களுக்கு மேல்வரி உட்பட 43 சதவீதமும், அதே உருவில் பெட்ரோலிலோ டீசலிலோ ஓடும் பெரிய எஸ்.யூ.வி. கார்களுக்கு 50 சதவீதமும் இருந்தன. இப்போது இரண்டும் 40 சதவீதமாகிவிட்டதால், வரி குறைந்த போதிலும் சிக்கனத்திற்கென இருந்த வேறுபாடு மறைந்துவிட்டது.

இதற்கு மாற்றாக எல்லா ஹைபிரிட் கார்களுக்கும் பொதுவாகச் சலுகை தரலாம் என்ற கருத்து கூறப்படுகிறது. 2024 ஜூலையில் உத்தரப் பிரதேச அரசு முழு ஹைபிரிட் கார்களுக்குப் பதிவு வரியில் விலக்கு அறிவித்தது. இத்தகைய சலுகையின் குறை, அது காரின் விலையோடு சேர்ந்து வளர்வதாகும். விலை மிக்க பெரிய காரை வாங்குவோருக்குக் கூடுதல் தொகை கிடைக்கிறது. அவர் எவ்வளவு ஓட்டுகிறார் என்பது கணக்கில் வருவதே இல்லை. 1865-இல் பொருளாதார அறிஞர் ஜெவான்ஸ் சுட்டிக்காட்டிய ஓர் ஆபத்தும் உண்டு. நீராவி எஞ்சின்கள் சிக்கனமாக ஆக ஆக, நிலக்கரியின் மொத்தச் செலவு கூடியதை அவர் எடுத்துரைத்தார். கிலோமீட்டருக்கு ஆகும் செலவு குறைந்தால் மக்கள் கூடுதலாக ஓட்டவும், பெரிய காரை நாடவும் கூடும். அப்போது சேமிப்பின் ஒரு பகுதி கரைந்துவிடும்.

ஆகவே பொதுப் பணத்தைச் செலவிடுமுன், அது காருக்குத் தரப்படுகிறதா, சேமிக்கப்படும் லிட்டருக்குத் தரப்படுகிறதா என்று கேட்டல் வேண்டும். இந்நோக்கில் மூன்று செயல்கள் பயன் தரும் எனலாம். முதலாவதாக, நகரங்களில் நாள்தோறும் நெடுநேரம் ஓடும் வாடகைக் கார்களுக்குச் சலுகையில் முன்னுரிமை அளிக்கலாம். மின்னேற்ற வசதி நிறைந்த இடங்களில் மின்சாரக் கார்களும், அவ்வசதி எட்டாத வழித்தடங்களில் ஹைபிரிட் கார்களும் என வகுத்துக்கொள்வது சிறக்கும். இரண்டாவதாக, அரசுத் துறைகள் வாகனங்களை வாங்கும்போது விலையை மட்டும் நோக்காமல், ஆயுட்காலச் செலவை நோக்க வேண்டும். அலுவலக வாயில்களில் குளிர்சாதனத்திற்காக எஞ்சினை அணைக்காமல் காத்து நிற்கும் ஊர்திகளில் ஹைபிரிட் முறையின் பயன் கண்கூடு. மூன்றாவதாக, கார் நிறுவனங்களுக்கான எரிபொருள் திறன் நெறிகளை மேலும் இறுக்கலாம். நிறுவனம் விற்கும் கார்களின் சராசரி வாயு வெளியீடு கிலோமீட்டருக்கு 130 கிராம் என 2017-18-இல் தொடங்கி, 2022-23 முதல் 113 கிராமாகக் குறைக்கப்பட்டது. எத்தொழில்நுட்பத்தால் இலக்கை எட்டுவது என்பதைத் தொழில் துறையின் முடிவுக்கே விடும் இம்முறை, கருவூலத்திற்குச் சுமையும் தருவதில்லை.

ஹைபிரிட் கார் புதிய ஆற்றல் எதையும் கொண்டு வரவில்லை. நாம் வீணாக்கிய ஆற்றலையே திரட்டித் தருகிறது. அவ்வீண் செலவில் ஒரு பகுதியைத் தடுக்க இப்போதுள்ள கார்களே போதும். நீண்ட சிக்னலில் எஞ்சினை அணைப்பதும், தொலைவிலேயே சிவப்பு விளக்கைக் கண்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பதும், டயரில் உரிய காற்றழுத்தத்தைப் பேணுவதும் 1978 முதல் பெட்ரோலியப் பாதுகாப்பு ஆய்வுச் சங்கம் போன்ற அமைப்புகள் வலியுறுத்தி வரும் செயல்கள். புதிய கார் வாங்கும் வசதி சிலருக்கே உண்டு. இச்செயல்களோ வண்டி ஓட்டும் அனைவராலும் இயலும். இவ்விரண்டும் ஒருசேர நடைபெறும்போதுதான் எண்ணெய் இறக்குமதிச் சுமை உண்மையாகவே குறையத் தொடங்கும்.